டிஃபரென்ஷியல் பினியன் சீல் ஒழுகுகிறது, அளவு எதோடும் ஒத்துப்போகவில்லை

நாலுகதவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1960களில் செய்த ஒரு பிரிட்டிஷ் கார். பின் ஆக்ஸிலின் நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியலின் மூக்கில், எஞ்சின் பக்கமிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் இடத்தில் ஆயில் ஒழுகுகிறது. ராத்திரி அடியில் அட்டை வைத்தால் காலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். ஓடும்போது ஆயில் சுற்றிலும் தெறித்து, வண்டியின் அடித்தளத்தில் குறுக்காக ஒரு கறுப்புப் பட்டை படிந்துவிட்டது.

ப்ரொபெல்லர் ஷாஃப்ட் மாட்டும் ஃபிளாஞ்சைக் கழற்றி, ஆயிலை அடைக்கும் ரப்பர் வளையமான பழைய சீலை எடுத்துவிட்டேன். ரப்பர் கல்லாக இறுகி, வளைத்ததும் மளுக்கென்று விரிசல் விட்டது. அதன் முகத்தில் இருந்த எண் தேய்ந்துபோய்க் கடைசி இரண்டு இலக்கம்தான் தெரிகிறது. வெர்னியர் வைத்துப் பார்த்தேன்: உள்விட்டம் 37.2, வெளிவிட்டம் 63.8, தடிமன் 9.5 மி.மீ.

இந்த அளவில் எந்தப் பட்டியலிலும் சீல் இல்லை. பக்கத்தில் வருவது 38×62×10, 38×65×10 இரண்டும்தான். 62-ஐ வாங்கி, சுற்றிலும் சிலிக்கான் பசை தடவிப் போட்டுவிடலாம் என்கிறார் ஒருவர். மனசு ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

---

முப்பதாண்டு ஸ்பானர் எழுதியது:

தம்பி, சீல் பேச்சுக்கு முன்னால் ஒரு கேள்வி. பினியன் (ஃபிளாஞ்ச் மாட்டியிருக்கும் சின்னப் பல்சக்கரத் தண்டு) நட்டைக் கழற்றுவதற்கு முன் அடையாளம் வைத்தீர்களா?

சில டிஃபரென்ஷியலில் இரண்டு பேரிங்குக்கும் நடுவே நசுங்கும் ஸ்பேசர் இருக்கும். நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கித்தான் பேரிங்கின் ப்ரீலோட், அதாவது ஆட்டமில்லாமல் வைக்கும் இறுக்கம், அமையும். அந்த வகையில் நட்டைக் கழற்றிவிட்டுக் கண்மூடித்தனமாக இறுக்கினால் ஸ்பேசர் மேலும் நசுங்கும், பேரிங் பிடித்துக்கொள்ளும், சில நூறு கிலோமீட்டரில் ஊளைச் சத்தம் கேட்கும். சீல் மாற்றப் போய் கிரவுன் பினியனையே கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பேசருக்குப் பதில் ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) போட்ட வகை என்றால் கவலை இல்லை, மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (இறுக்கும் விசை அளவு) இறுக்கினால் போதும்.

---

நாலுகதவு எழுதியது:

நல்லவேளை, மேனுவலைப் படித்துவிட்டுத்தான் கை வைத்தேன் அண்ணா. என்னுடையது ஷிம் வகை. ஆனாலும் நட்டு, பினியன் முனை, ஃபிளாஞ்ச் மூன்றிலும் ஒரே நேர்கோட்டில் சென்டர் பஞ்சால் புள்ளி குத்தியிருக்கிறேன்.

---

முப்பதாண்டு ஸ்பானர் எழுதியது:

நிம்மதி. இந்த இழையைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன். நசுங்கும் ஸ்பேசர் என்றால் கழற்றும் முன் பின்சக்கரத்தையும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டையும் விடுவித்துவிட்டு, பினியனைச் சுற்ற எவ்வளவு இழுவை ஆகிறது என்று அளந்து எழுதி வையுங்கள். ஃபிளாஞ்சில் கயிறு சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்தாலே போதும். திரும்ப மாட்டும்போது நட்டு பழைய புள்ளிக்கு வந்ததும் மீண்டும் அளந்து, பழைய இழுவைக்கு மேல் ஒரு பொட்டு கூடினால் நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் புது ஸ்பேசர்தான், தளர்த்திச் சரிசெய்ய முடியாது.

---

கடைசல் எழுதியது:

வணக்கம். நான் லேத் வேலை செய்பவன். உங்கள் சிக்கல் பட்டியலில் இல்லை நண்பரே, அளந்த இடத்தில் இருக்கிறது. பழைய சீலை அளந்து புது சீல் வாங்கக் கூடாது.

சீலின் மேல் எழுதியிருக்கும் மூன்று எண்ணும் சீலின் அளவு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 38×62×10 என்றால் 38 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு, 62 மி.மீ. துளைக்கு, 10 மி.மீ. அகலம் என்று பொருள். சீலின் லிப் (ஷாஃப்ட்டைத் தொடும் உள் விளிம்பு) ஷாஃப்ட்டை விடச் சிறியதாகத்தான் வார்க்கப்படும், அப்போதுதான் கவ்விப் பிடிக்கும். வெளிப்புறமும் துளையை விடக் கொஞ்சம் பெரியதாகத்தான் இருக்கும், அப்போதுதான் இறுக்கமாக உட்காரும். அதனால்தான் உள்ளே 37.2, வெளியே 63.8 என்று எங்கும் இல்லாத எண்கள் உங்களுக்கு வந்தன. போதாததற்கு அந்த லிப் பல வருடம் தேய்ந்து, இறுகி, உருமாறியிருக்கிறது.

வெர்னியரை எடுத்துக்கொண்டு மறுபடியும் வண்டிக்கு அடியில் போங்கள். ஃபிளாஞ்சின் கழுத்தில் சீல் ஓடாத பளபளப்பான இடத்தில் ஒரு அளவு. சீல் ஓடிய தடத்தில் இன்னொரு அளவு. கழுத்துக்கு மைக்ரோமீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. அடுத்து ஹவுசிங் (சீல் உட்காரும் உறை) துளையின் விட்டத்தை மூன்று திசையில் எடுங்கள். அந்தத் துளை எவ்வளவு ஆழம் என்பதும் வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

அந்த 62 யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். 63-க்கு மேற்பட்ட துளையில் 62 சீல் போட்டால் சுற்றிலும் அரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. பசை அதை நடுவில் நிறுத்தாது. சீல் ஒருபக்கம் சாயும், லிப் ஒருபக்கம் அழுந்தும், மறுபக்கம் வாய் திறக்கும்.

---

புதுச்சாவி எழுதியது:

அப்படியானால் 65 வாங்கி, ஹவுசிங்கைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்துகொண்டால் என்ன? கற்றுக்கொள்ளத்தான் கேட்கிறேன்.

---

கடைசல் எழுதியது:

கடையலாம், ஆனால் வேண்டாம். ஹவுசிங்கை அச்சு விலகாமல் லேத்தில் பிடிப்பது லேசான வேலை இல்லை. துளை பினியன் அச்சிலிருந்து கொஞ்சம் விலகினாலும் சீல் காலத்துக்கும் ஒழுகும். அப்புறம், அறுபது வருடம் தாங்கிய ஹவுசிங்கில் எடுத்துவிட்ட உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. சீலை ஹவுசிங்குக்கு ஏற்ப தேடலாம், ஹவுசிங்கைச் சீலுக்காக வெட்டக் கூடாது என்பது என் கருத்து.

---

நாலுகதவு எழுதியது:

அளந்துவிட்டேன்.

ஃபிளாஞ்ச் கழுத்து, தேயாத இடம்: 38.09
தேய்ந்த தடம்: 37.85
ஹவுசிங் துளை: 63.50, மூன்று திசையிலும் ஒரே எண்
துளையின் ஆழம்: 12.7

தடத்தில் விரல் நகத்தை ஓட்டினால் தட்டென்று மாட்டிக்கொள்கிறது. கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளிக் கம்பி சுற்றியது மாதிரி ஒரு வளையம்.

---

முப்பதாண்டு ஸ்பானர் எழுதியது:

63.50-ஐ 25.4-ஆல் வகுத்துப் பாருங்கள் தம்பி. இரண்டரை அங்குலம். 38.09 என்பது ஒன்றரை அங்குலம், அதாவது 38.10. அகலம் 9.5 என்றீர்களே, அது எட்டில் மூன்று அங்குலம், 9.525. ஆழம் 12.7 சரியாக அரை அங்குலம். எல்லாமே அங்குலக் கணக்கு. அந்தக் கால பிரிட்டிஷ் வண்டியை மில்லிமீட்டர் பட்டியலில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

கழுத்தைப் பொறுத்தவரை 38-க்கும் 38.1-க்கும் லிப் வித்தியாசம் பார்க்காது. வெளிவிட்டம் அப்படி இல்லை, அது துல்லியமாக வேண்டும். 1½ × 2½ × ⅜ என்று அங்குலப் பட்டியலில் கேளுங்கள். கார் பெயரையே சொல்ல வேண்டாம். பம்ப், டிராக்டர், கியர்பாக்ஸ் என்று எதற்கோ செய்த சீலாக இருந்தாலும் அளவும் ரப்பரும் வகையும் சரியாக இருந்தால் அது உங்கள் சீல்தான்.

---

கடைசல் எழுதியது:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த வெள்ளி வளையம்தான் இப்போது முக்கியம். 38.09-லிருந்து 37.85 போனால் ஒரு பக்கத்துக்கு 0.12 மி.மீ. பள்ளம். மெத்தென்ற ரப்பர் எஃகை எப்படி அறுக்கும் என்று கேட்பார்கள். ரப்பர் அறுப்பதில்லை. லிப்பில் பதிந்துகொள்ளும் மணல் துகளும் தூசியும் அறுக்கின்றன, லிப் அவற்றைப் பிடித்துக்கொண்டு உப்புத்தாள் மாதிரி தேய்க்கிறது. அந்தப் பள்ளத்தின் மேலேயே புது லிப்பை ஓட்டினால் கொஞ்ச நாளில் திரும்ப ஒழுகும்.

மூன்று வழி உண்டு. கழுத்தின் மேல் மெல்லிய எஃகு ஸ்லீவ் ஏற்றலாம். இதற்கென்றே கால் மில்லிமீட்டரை ஒட்டிய கனத்தில் ஸ்லீவ் வருகிறது, அதே சீல் அதன் மேல் ஓடும். இல்லை என்றால் கழுத்தில் ஹார்ட் குரோம் ஏற்றி கிரைண்ட் செய்யலாம். அதைச் செய்பவர் கல்லை நெடுக நகர்த்தாமல் நேரே உள்ளே இறக்கி கிரைண்ட் செய்ய வேண்டும்.

மூன்றாவதுதான் உங்களுக்கு ஏற்றது. துளை ஆழம் 12.7, சீல் அகலம் 9.5. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடம் மிச்சம். பழைய சீலை அடிவரை தள்ளிப் போட்டிருந்தார்களா? அப்படியென்றால் புதியதைத் துளையின் வெளி விளிம்போடு சமமாக நிறுத்தினால் லிப் மூன்று மி.மீ. தள்ளி, தேயாத இடத்தில் ஓடும். ஃபிளாஞ்சை வெறுமனே ஏற்றிப் பார்த்து, லிப் விழும் இடம் வழவழப்பாக இருக்கிறதா, தூசித் தகடு சீலில் இடிக்கவில்லையா என்று மட்டும் பாருங்கள்.

பள்ளத்தை எமரி தாளால் தேய்த்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஷாஃப்ட் சுற்றும்போது தாளை முன்னும் பின்னும் நகர்த்தினால் திருகு மரை மாதிரி கண்ணுக்கே தெரியாத கோடுகள் விழும். அவை ஆயிலை வெளியே பம்ப் அடிக்கும். இதையே நல்லதுக்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. பழைய பிரிட்டிஷ் எஞ்சின்கள் பலவற்றில் கிராங்க்ஷாஃப்டின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது, ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும் திருகு மரைதான். கோடு எந்தத் திசையில் சாய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பளபளப்பாக்க வேண்டும் என்றால் தாளை ஒரே இடத்தில் பிடித்து, வட்டமாக மட்டும் தேயுங்கள்.

---

மிதவைக்கார் எழுதியது:

அளவு கிடைத்துவிட்டது, சந்தோஷம். ரப்பர் எது என்றும் பார்த்து வாங்குங்கள். நான் பழைய சிட்ரோயன் டி.எஸ். வைத்திருக்கிறேன். அதன் சஸ்பென்ஷனும் பிரேக்கும் ஒரே ஹைட்ராலிக் திரவத்தில் ஓடுகின்றன. முதலில் வந்த வண்டிகளில் சிவப்புத் திரவம். 1960களின் பிற்பகுதியில் பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறினார்கள். சிவப்புக்குச் செய்த சீல் பச்சையில் போனால் ஊதிக் கெட்டுவிடும், பச்சைக்குச் செய்தது சிவப்பில் கெட்டுவிடும். பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு வளையம்.

கியர் ஆயிலுக்கு நைட்ரைல் ரப்பர் போதும், ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் வரை தொடர்ந்து தாங்கும். விட்டான் (Viton) என்ற ரப்பர் 200 டிகிரி வரை போகும், 1957-ல் டூபாண்ட் கொண்டுவந்தது. பிரேக் சிலிண்டரில் போடுகிற ஈ.பி.டி.எம். ரப்பரை மட்டும் கியர் ஆயில் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எண்ணெய் பட்டால் ஊதி, கொழகொழவென்று ஆகிவிடும். அதேபோல நைட்ரைலைக் கிளைகால் பிரேக் திரவத்தில் போடக் கூடாது.

---

நாலுகதவு எழுதியது:

அப்படியென்றால் விலையைப் பார்க்காமல் விட்டானே வாங்கிவிடட்டுமா? இன்னும் முப்பது வருடம் கழற்றாமல் ஓட வேண்டும் என்பது ஆசை.

---

கடைசல் எழுதியது:

தேவை இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, டயரின் சுற்றளவு 1.9 மீட்டர், பின் ஆக்ஸில் விகிதம் 4.2 என்று வைத்தால் பினியன் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுக்குக் கொஞ்சம் கீழே. ஒன்றரை அங்குலக் கழுத்தில் லிப்பின் கீழ் ஓடும் வேகம் நொடிக்கு ஆறு மீட்டர். நைட்ரைலுக்கு இது சாதாரணம். நைட்ரைலிலேயே நல்ல தயாரிப்பாகப் பாருங்கள். இரட்டை லிப் கேளுங்கள்: உள்ளே ஸ்பிரிங் உள்ள பெரிய லிப் ஆயிலுக்கு, வெளியே சின்ன லிப் தூசிக்கு. டி.சி. என்று குறித்திருந்தால் இரட்டை லிப், வெளிப்புறமும் ரப்பர் போர்த்தியது. உங்கள் பள்ளத்தை உண்டாக்கியது தூசி, அதனால் அந்தச் சின்ன லிப் கட்டாயம் வேண்டும்.

---

பித்தளை விளக்கு எழுதியது:

இடையில் ஒரு வார்த்தை. என்னுடையது 1930களின் வண்டி, அதில் இருந்தது தோல் சீல். அந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் உடனே ரப்பருக்குத் தாவாதீர்கள். தோல் கொஞ்சம் சொரசொரப்பான ஷாஃப்டையும் பொறுத்துக்கொள்ளும். அதே ஷாஃப்டில் ரப்பர் லிப் சீக்கிரம் கிழியும். ரப்பர் போட வேண்டும் என்றால் முதலில் ஷாஃப்டை மெருகேற்றுங்கள். தோலே போடுவதென்றால் ஒரு ராத்திரி எண்ணெயில் ஊறப் போட்டு, மெதுவானதும் மாட்டுங்கள். காய்ந்த தோலை மாட்டினால் முதல் நாளே ஒழுகும்.

---

முப்பதாண்டு ஸ்பானர் எழுதியது:

தம்பி, சீல் வருவதற்குள் ஆக்ஸில் உறையின் மேல் பக்கம் ஒரு சின்ன மூச்சுத் துளை இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். ஓடும்போது ஆயில் சூடாகிறது, உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. 25 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறும். மூச்சுத் துளை அடைத்திருந்தால் அந்த அழுத்தம் முழுக்க சீல் லிப்பைத்தான் தள்ளும். எத்தனை சீல் மாற்றினாலும் நிற்காது.

ஆயில் மட்டத்தையும் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரைதான்.

---

நாலுகதவு எழுதியது:

அண்ணா, நீங்கள் சொல்லாவிட்டால் அந்தத் துளை இருப்பதே தெரிந்திருக்காது. யாரோ எப்போதோ ஆக்ஸிலுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தபோது அதன் மேலும் அடித்துவிட்டார்கள். தடவிப் பார்த்தால் சின்னப் பொத்தான் போல ஒரு மேடு. ஊசியால் பெயின்ட்டைக் குத்தி எடுத்து, மூடியைக் கழற்றினால் உள்ளே சேறு கெட்டித்து அடைப்பாக நிற்கிறது. மண்ணெண்ணெயில் ஊற வைத்துச் சுத்தம் செய்து, வாயால் ஊதிப் பார்த்தேன். இப்போது காற்று தாராளமாகப் போகிறது.

சீலும் வந்துவிட்டது. 1½ × 2½ × ⅜, நைட்ரைல், இரட்டை லிப். வெறும் ஃபிளாஞ்சை ஏற்றிப் பார்த்ததில், சீலை விளிம்போடு சமமாக வைத்தால் லிப் பள்ளத்துக்கு மூன்று மி.மீ. வெளியே, கண்ணாடி போன்ற இடத்தில் விழுகிறது. தூசித் தகடும் இடிக்கவில்லை.

---

கடைசல் எழுதியது:

அருமை. மாட்டும்போது அவசரம் வேண்டாம். ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலைப் பார்க்க வேண்டும். இரண்டு லிப்புக்கும் நடுவே கிரீஸை லேசாக அப்புங்கள், உள் லிப்பில் கியர் ஆயில் தடவுங்கள். காய்ந்த லிப் முதல் நிமிடத்திலேயே கருகும். சீலின் வெளி விளிம்பில் மட்டும் படும்படி ஒரு குழாய்த் துண்டை வைத்து, சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டுங்கள். விளிம்போடு சமமானதும் வெர்னியரின் ஆழக் கம்பியால் நான்கு இடத்தில் பாருங்கள், நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஃபிளாஞ்சின் நுழையும் விளிம்பையும் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் எடுத்துவிட்டு ஏற்றுங்கள். அந்த ஒரு பிசிறு லிப்பை நெடுகக் கீறிவிடும்.

---

நாலுகதவு எழுதியது:

மாட்டி நான்கு நாள் ஆயிற்று. மூன்று நாள் அட்டை சுத்தமாக இருந்தது. இன்று காலை மீண்டும் ஒரு சொட்டு. மிகவும் வருத்தமாக இருக்கிறது. சீல் சாயவில்லை, நான்கு இடத்திலும் ஆழம் ஒன்றுதான். எங்கே தவறினேன் என்று தெரியவில்லை.

---

முப்பதாண்டு ஸ்பானர் எழுதியது:

மனம் தளராதீர்கள். ஒரு சொட்டுக்கும் உள்ளங்கை அளவுக்கும் வித்தியாசம் பெரிது. சீலை உடனே கழற்றாதீர்கள். ப்ரொபெல்லர் ஷாஃப்டை மட்டும் அவிழ்த்து, அந்த இடம் முழுக்க பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, முகப் பவுடரை லேசாகத் தூவுங்கள். ஷாஃப்டை மாட்டி இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ஈரம் எங்கே தொடங்குகிறது என்று பவுடரே காட்டும். லிப்பிலிருந்தா, சீலின் வெளிச் சுற்றிலிருந்தா, நட்டுப் பக்கத்திலிருந்தா?

---

நாலுகதவு எழுதியது:

நட்டுப் பக்கம்! லிப்பைச் சுற்றிப் பவுடர் தூவியபடியே வெள்ளையாக இருக்கிறது. ஃபிளாஞ்சின் நடுக்குழியில், நட்டின் வாஷருக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய கோடு கிளம்பி, சுழன்ற வேகத்தில் வெளிநோக்கி வளைந்து போயிருக்கிறது. புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

---

முப்பதாண்டு ஸ்பானர் எழுதியது:

அதுதான் ஸ்ப்ளைன் கசிவு. பினியன் ஷாஃப்டுக்கும் ஃபிளாஞ்சுக்கும் நடுவே உள்ள பல்வரிசை வழியாக ஆயில் ஊர்ந்து வந்து நட்டுக்கு அடியில் எட்டிப் பார்க்கிறது. சீலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதைச் சீல் என்று நம்பி மூன்று நான்கு முறை சீல் மாற்றியவர்கள் உண்டு.

உங்களுடையது ஷிம் வகை, அதனால் பயமில்லை. நட்டைக் கழற்றி, ஃபிளாஞ்சைச் சீல் லிப்பை விட்டு வராத அளவுக்கு மட்டும் கொஞ்சம் வெளியே இழுங்கள். ஸ்ப்ளைனின் வெளி முனையையும் வாஷர் உட்காரும் முகத்தையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, இறுகாத வகை சீலன்ட்டை மெல்லிசாகத் தடவுங்கள். உள்ளே பேரிங் பக்கம் போகிற அளவுக்கு அப்ப வேண்டாம். புது வாஷர், மேனுவல் சொன்ன டார்க், புள்ளியைச் சரிபார்த்துவிட்டு ஸ்ப்ளிட் பின். ஒரு ராத்திரி விட்டுவிட்டு ஓட்டுங்கள்.

---

புதுச்சாவி எழுதியது:

இதை எல்லாம் படித்துவிட்டு என் வண்டியின் மூச்சுத் துளையைப் போய்ப் பார்த்தேன். பாதி அடைப்பு. இன்னும் ஒழுகத் தொடங்கவில்லை. சுத்தம் செய்துவிட்டேன். நன்றி.

---

நாலுகதவு எழுதியது:

மூன்று வாரம், நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டேன். மழையிலும் வெயிலிலும் போனேன். அதே அட்டை இன்னும் அடியில்தான் கிடக்கிறது, பழைய கறையைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. இன்று காலை கீழே படுத்து ஃபிளாஞ்சைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தேன். விரலில் தூசி மட்டும் ஒட்டியது.

உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணாவும் கடைசலும் இல்லையென்றால் 62 சீலோடும் பசையோடும் இன்னும் போராடிக்கொண்டிருப்பேன். மேனுவலின் உள்ளட்டையில் பென்சிலால் எழுதி வைத்துவிட்டேன்: கழுத்து 1½, துளை 2½, சீல் அகலம் ⅜, நைட்ரைல், இரட்டை லிப், வெளி விளிம்போடு சமம், உள்ளே தள்ளக் கூடாது.

---

கடைசல் எழுதியது:

தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அப்புறம், அடுத்த தடவை இந்த மூன்று மில்லிமீட்டர் இடம் மிச்சம் இருக்காது, ஸ்லீவ்தான் போட வேண்டியிருக்கும். அதையும் ஒரு வரியில் குறித்து வையுங்கள்.